தாய்மாமன் சீரும் தீப்பிடிக்காத சோபாவும்

மாப்ளே, வீடு பிரமாதம். குத்தமே சொல்ல முடியாது. பெரும்பாறை வளைவுல பஸ் திரும்புறப்பவே உன் கூரை கண்ணைக் கூசுது. நேத்து ராத்திரி காட்டுமாடு ஒண்ணு வேலியோரம் வந்து நின்னு, வீட்டை மேலயும் கீழயும் பார்த்துட்டு, வாடகையைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருச்சாம். ஊரே பேசிக்குது. "ஹோம்ஸ்டே"ன்னு போர்டு வேற மாட்டிட்ட. நம்ம பாட்டன் காலத்துல வந்தவனுக்குக் காசு வாங்காம சோறு போட்டுப் படுக்க வச்சோம். அதுக்குப் போர்டு இல்ல.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. பால் காய்ச்சுற வீட்டுக்குத் தாய்மாமன் வெறுங்கையோட வருவேனா? சீர் கொண்டாந்திருக்கேன். இந்த மஞ்சப்பைக்குள்ள இருக்கு. இப்பப் பிரிக்கக்கூடாது, பேசி முடிச்சப்புறம்தான். தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்ல. ஆனா உன் சோபா செட்டை விட ஒசத்தி.

"உள்ள வந்து சோபாவுல உக்காருங்க மாமா"ன்னு மூணு தரம் கூப்பிட்டுட்ட. நான் திண்ணையிலயே இருந்துக்கிறேன். மாமனுக்குப் பொறாமைன்னு உங்க அத்தை சொல்லுவா, நம்பாதே. அந்தக் கடைக்காரன் உன்கிட்ட ஒண்ணு சொல்லி வித்தான்னியே, அதைக் கேட்டதுல இருந்துதான் எனக்கு உக்காரப் பயம்.

"இது சாதா சோபா இல்ல மாமா, ஏற்றுமதி ரகம். தீயே பிடிக்காது. உள்ள இருக்கிற ஸ்பாஞ்சுல மருந்து கலந்திருக்கு"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்ன பாரு. மருந்து! நம்ம சனத்துக்கு எல்லாமே மருந்துதான். காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, காப்பிச் செடிக்கு அடிக்கிறதும் மருந்து, எலிக்கு வைக்கிறதும் மருந்து. எந்த மருந்துன்னு நீயும் கேக்கல, அவனும் சொல்லல. கத்திரிக்காய் வாங்கினாக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஆளு நீ. சோபான்ன உடனே அம்புட்டு நம்பிக்கை.

காந்திகிராமத்துல கெமிஸ்ட்ரி படிக்கிறால்ல என் பேத்தி, அவகிட்ட விசாரிச்சேன். ரெண்டு ராத்திரி உக்கார வச்சுச் சொன்னா. அவ சொன்னதை நான் உனக்குச் சொல்றேன். அவ சொன்னா உனக்குத் தூக்கம் வரும். நான் சொன்னா கோவம் வரும். கோவம் வந்தாத்தான் மனசுல நிக்கும்.

முதல்ல ஒரு கூத்து நடத்துனோம். என் வீட்டு முத்தத்துல மூணு சிட்டிகை வச்சோம். ஒண்ணு இலவம்பஞ்சு. ஒண்ணு கிழிஞ்ச மெத்தையில இருந்து பிச்ச சாதா ஸ்பாஞ்சு. மூணாவது, மன்னவனூர்ப் பக்கத்து ஆட்டு ரோமம். மூணுக்கும் தீக்குச்சி கிழிச்சு வச்சா பேத்தி. இலவம்பஞ்சு, கல்யாணப் பந்தல்ல நம்ம பயலுக பந்திக்குப் பாயிற மாதிரி ஒரே பாய்ச்சல். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள காணோம். ஸ்பாஞ்சு உருகிச் சொட்டுச் சொட்டா விழுந்து, சொட்டும் எரியுது, மேல கரும்புகை. ரோமம் இருக்கே, மயிர் பொசுங்கின நாத்தம் அடிச்சுச்சு, சுருண்டுச்சு, குச்சியை எடுத்த உடனே தானா அணைஞ்சு போச்சு. ரோமம் பத்திக்க ஏறக்குறைய 570 டிகிரிக்கு மேல சூடு வேணுமாம். அந்த ஆடு எந்தக் கம்பெனி மருந்தும் குடிக்கல மாப்ளே. மன்னவனூர்ப் புல்லைத்தான் தின்னுச்சு.

ஸ்பாஞ்சு எதுனால அப்படி எரியுதுன்னா, அது பெட்ரோல் வம்சம். மண்ணெண்ணெய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி. அதைக் கொண்டாந்து நடுவீட்டுல போட்டு அது மேல உக்கார ஆரம்பிச்சப்புறம், "ஐயையோ எரியுதே"ன்னு புரோமினைத் தேடிப் போனாக. குஜராத் கட்ச் உப்பளத்துலயும் எடுக்கிறாக, சாக்கடல்லயும் எடுக்கிறாக. அந்தப் பேருக்குக் கிரேக்கத்துல நாத்தம்னு அர்த்தமாம். பேரு வச்சவன் யோக்கியன். தீங்கிறது ஒரு சங்கிலி. ஒரு துணுக்கு எரிஞ்சு பக்கத்துத் துணுக்கை உசுப்பி விடும். சூடு பட்டதும் இந்தப் புரோமின் வெளிய வந்து, அந்த உசுப்புற துணுக்கைப் போய்ப் பிடிச்சுக்கும். சங்கிலி அறுந்துரும். தந்திரம் நல்ல தந்திரந்தான், நான் இல்லேங்கல.

ஆனா நம்ம ஊர்க் கேள்வியை ஒருத்தரும் கேக்கல. "தீ எங்க இருந்துய்யா வந்துச்சு?"

அமெரிக்காவுல சோபா எரிஞ்சு சனங்க செத்தது நிறையா சிகரெட்டால. குடிச்சுக்கிட்டே தூங்கிருவான்; துண்டு இடுக்குல விழும்; புகைஞ்சு புகைஞ்சு பத்திக்கும். "சிகரெட்டைத் தானா அணையிற மாதிரி செய்யுங்கடா"ன்னு சட்டசபையில பேச்சு வந்துச்சு. செய்ய முடியுற காரியந்தான். 2004-ல நியூயார்க் மாநிலத்துல அதுக்குச் சட்டமே அமலுக்கு வந்துச்சு, அப்புறம் எல்லா மாநிலமும் சட்டம் போட்டுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பல வருசம் சிகரெட் கம்பெனிக்காரன் என்ன செஞ்சான்? "எங்க சிகரெட்டுல குத்தமே இல்ல, உங்க சோபாதான் சரியில்ல"ன்னு தீயணைப்பு அதிகாரிங்க சங்கம் வரைக்கும் ஆளை விட்டுப் பேச வச்சான். சோத்தைக் கருக்கின மாமியார், "அடுப்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி.

எரியிறதைப் பிடுங்கினாக் கொதிக்கிறது அடங்கும்னு உங்க அம்மத்தா உலை மூடியைத் தட்டிக்கிட்டே சொல்லுவா. இவங்க எரியிறதைத் தொடவே இல்ல. பானைக்குள்ள மருந்தை ஊத்துனாக.

1975-ல கலிபோர்னியாவுல ஒரு விதி வந்துச்சு. மேல் துணி இல்லாத வெறும் ஸ்பாஞ்சுல சின்னத் தீயை 12 விநாடி காட்டணும், தாங்கணும். தாங்குறதுக்கு நூறு கிலோ ஸ்பாஞ்சுக்கு 3 கிலோவுல இருந்து 5 கிலோ வரைக்கும் மருந்து போட்டாக. இதுல வேடிக்கையைக் கவனி. எந்த வீட்டுலயாச்சும் சோபா அம்மணமா இருக்கா? துணி போட்டுத்தான இருக்கு? தீ முதல்ல துணியில பிடிக்கும். துணியைத் தாண்டி உள்ள வர்றப்ப அது சின்னத் தீயா இருக்காது, சூரசம்காரத் தீயா இருக்கும். அதுக்கு முன்னால இந்த மருந்து, யானைக்கு முன்னால குடை விரிச்சுக் காட்டுன மாதிரிதான். 2013-ல கலிபோர்னியாக்காரனே ஒத்துக்கிட்டு விதியை மாத்துனான். இப்பச் சோதனை துணியைப் போட்டுச் சிகரெட் மாதிரி கங்கை வச்சு. மருந்தே இல்லாமத் தேறிரலாம். 2020-ல இருந்து அங்க புதுச் சோபா ஸ்பாஞ்சுல இந்த மருந்து சேர்க்கவே தடை. அவன் கழட்டிப் போட்ட பெருமையை நீ பொன்னாடையாப் போத்திக்கிட்டு நிக்கிற.

அந்த விதி அம்புட்டு வருசம் நின்னதுக்கு ஒரு கதை இருக்கு. 2011-ல கலிபோர்னியா சட்டசபையில தீக்காய டாக்டர் ஒருத்தர், பெரிய பேரு வாங்கினவர், எந்திரிச்சுப் பேசுனாரு. மருந்தில்லாத தலகாணியில மெழுகுவர்த்தித் தீ பிடிச்சு, ஏழு வாரக் கைப்பிள்ளை வெந்து செத்துச்சுன்னாரு. கேட்டவுக கண்ணெல்லாம் தண்ணி. அடுத்த வருசம் சிகாகோ டிரிபியூன் பத்திரிகைக்காரங்க தோண்டிப் பார்த்தா, அப்படி ஒரு பிள்ளையே கிடையாது. டாக்டருக்குக் காசு குடுத்த சங்கம், மருந்து தயாரிக்கிற மூணு கம்பெனியோட சங்கம். நம்ம ஊர்ல பொய்ச்சாட்சி சொல்றவன் இருக்கிற ஆளைத்தான் சாகடிப்பான். பிறக்காத பிள்ளையைச் சாகடிக்க நல்ல படிப்புப் படிக்கணும் போல.

இன்னும் கேளு. இது முதல்ல சோபாவுல வரல, பிள்ளைக ராத்திரிப் போட்டுக்கிற உடுப்புல வந்துச்சு. டிரிஸ்னு பேரு. 1977-ல ஆர்லின் புளூம்னு ஒரு அம்மாவும் புரூஸ் ஏம்ஸ்னு ஒரு புரொபசரும், "இது உசுரணுவையே சிதைக்குது, புத்துநோய் வரலாம், பிள்ளைகளுக்குப் போடாதீக"ன்னு எழுதுனாக. அந்த வருசமே அமெரிக்காவுல தடை. அந்த அம்மா யாருன்னு தெரிஞ்சா நீ எந்திரிச்சு நிப்ப. மலை ஏறுற பொம்பள. அடுத்த வருசமே பொம்பளைக மட்டும் சேர்ந்த கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு அன்னபூர்ணா ஏறுனவ. நீ மிளகு பறிக்க ஏணியில நாலாவது படி ஏறுனாத் தலை சுத்துதுங்கிற.

தடை போட்டாச்சு, தைச்சு வச்ச உடுப்பு? லட்சக்கணக்குல கிடக்கே, எரிக்கவா முடியும், அதுதான் எரியாதே! கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு வித்தாக. அதுக்கும் தடை வர 1978 ஆச்சு. தன் பிள்ளைக்கு ஆகாததை அடுத்தவன் பிள்ளைக்கு அனுப்புறதுக்கும் ஏற்றுமதின்னுதான் பேரு. நீ சொன்ன "ஏற்றுமதி ரகம்" ஞாபகத்துக்கு வருதா மாப்ளே?

டிரிஸ் போச்சுன்னு அவனோட பங்காளி வந்தான், குளோரின் டிரிஸ். அவனையும் உடுப்புல இருந்து விரட்டுனாக. அந்த அம்மா மலையெல்லாம் ஏறி, பிள்ளை வளத்து, முப்பது வருசம் கழிச்சுத் திரும்பி வந்து பார்த்தா, அவன் சோபாவுக்குள்ள போய்ச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். பேரன் பேத்தி எடுத்துட்டான்.

மாடு வளத்தவன் நீ, இந்த மாட்டுக் கதை உனக்குத்தான். 1973, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம். ஒரே கம்பெனி ரெண்டு சரக்குச் செய்யுது. ஒண்ணு மாட்டுத் தீவனத்துல கலக்குற சத்துப்பொடி, நியூட்ரிமாஸ்டர். இன்னொண்ணு பிளாஸ்டிக்குல கலக்குற தீத்தடுப்புப் புரோமின் மருந்து, ஃபயர்மாஸ்டர். பையும் பேரும் பொடியும் கிட்டத்தட்ட ஒண்ணு. சத்துப்பொடிக்குப் பதிலா மருந்து மூட்டை தீவன ஆலைக்குப் போயிருச்சு. ஆத்தாடி! பால் வத்துச்சு, குளம்பு கோணி வளந்துச்சு, கன்னு செத்துப் பிறந்துச்சு. வைத்தியருக பண்ணையாளு மேலயே பழி போட்டாக, "நீ சரியாப் பார்க்கல"ன்னு. ஒரு பண்ணைக்காரர், ரிக் ஹால்பர்ட்னு பேரு, அவருக்குக் கெமிஸ்ட்ரியும் தெரியும். விடாமத் தீவனத்தைச் சோதனைக்கு அனுப்பி அனுப்பிக் கண்டுபிடிச்சாரு. அதுக்குள்ள மாசக்கணக்குல அந்தப் பாலையும் கறியையும் முட்டையையும் லட்சக்கணக்கான சனம் தின்னு முடிச்சாச்சு. ஏறக்குறைய 30,000 மாட்டைக் கொன்னு குழியில தள்ளுனாக. அந்த மாநிலத்துச் சனத்தை இன்னைக்கும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டிருக்காக. மாட்டுக்காரன் எப்பவும் மூட்டை லேபிளைப் படிக்கணும்யா. சோபாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

"அது தின்ன கதை மாமா, நான் என்ன சோபாவைத் தின்னவா போறேன்"னு வாய்க்குள்ள முனகுற. கேட்டுருச்சு. தின்னத்தான் போற. இந்த மருந்து ஸ்பாஞ்சோட ஒட்டி இருக்கிற உறவு இல்ல. நம்ம வத்தலக்குண்டு பஸ்ஸுல படியில தொத்திக்கிட்டு வர்றானே, அந்த மாதிரி. சீட்டு கிடையாது. சித்தரேவு தாண்டி வளைவு வளைவா ஒவ்வொருத்தனா இறங்கிக்கிட்டே இருப்பான். நீ ஒரு தரம் பொத்துன்னு உக்காந்தா கொஞ்சம் வெளிய வரும். வெயில் பட்டு ஸ்பாஞ்சு பொடிஞ்சா இன்னும் வரும். வந்து எங்க போகும்? வீட்டுத் தூசியில படியும். தவழுற பிள்ளை தரையைத் தடவி, கையை வாயில வைக்கும். அதனாலதான் பெரியவுக உடம்பை விடப் பிள்ளைக உடம்புல இது கூடுதலா இருக்குங்கிறாக.

பிள்ளைக்கு அடுத்து யாரு தரையில புரளுறது? பூனை. புரண்டுட்டு உடம்பை நக்குது. அமெரிக்காவுல 1970-களுக்கு அப்புறம் வீட்டுப் பூனைகளுக்குத் தைராய்டு பொங்குற வியாதி பெருகிப்போச்சு. தின்னும், தின்னும், எலும்பாப் போகும். 2007-ல ஆராய்ச்சிக்காரங்க அதுக ரத்தத்தைப் பார்த்தா, பூனைக்குள்ள சோபா மருந்து எக்கச்சக்கம். அந்த மலையேறுற அம்மா வீட்டுப் பூனைக்கும் அதே வியாதி. இதுதான் காரணம்னு யாரும் துண்டைப் போட்டுத் தாண்டல, சந்தேகம்னுதான் சொல்றாக. ஆனா சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு. இந்த மருந்தோட உருவமும் தைராய்டு சுரக்குற நீரோட உருவமும் அண்ணன் தம்பி சாயல். உடம்பு ஆளு தெரியாம உள்ள விட்டுருது. வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு அந்தத் தைராய்டு நீர்தான் மேஸ்திரி. தாய் ரத்தத்துல இந்த மருந்து கூடுதலா இருந்த பிள்ளைகளுக்குப் புத்திக் கூர்மை கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு பல ஊர் ஆராய்ச்சி சொல்லுது. உன் பொண்டாட்டி மாசமா இருக்கா. அதனாலதான் இந்தக் கிழவன் இம்புட்டு நேரம் வாய் வலிக்கப் பேசுறேன்.

நம்ம முருகன் இங்க இருந்து தாண்டிக் குதிச்சுப் பழனி போனாருன்னு சொல்லித்தான் இந்த ஊருக்கே தாண்டிக்குடின்னு பேரு. அவருக்கு அடுத்து அப்படித் தாண்டிக் குதிக்கிறது இந்த மருந்துதான். வடதுருவத்துல பனிக்கரடிக் கொழுப்புல இருக்கு. ஆழக்கடல் திமிங்கிலத்துல இருக்கு. கரடி எந்தக் கடையில சோபா வாங்குச்சு? சுவீடன்ல தாய்ப்பாலைச் சேர்த்து வச்சுப் பார்த்திருக்காக. 1972-ல இருந்து 1997 வரைக்கும், அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் ரெட்டிப்பு ஆகிருக்கு. வட்டிக்கு விடுற நம்ம செட்டியார்கூட அப்படிப் பெருக்க மாட்டாரு. ஆனா நல்ல சேதியும் அதே பால்லதான் இருக்கு. மருந்தைக் குறைச்ச உடனே அளவும் இறங்க ஆரம்பிச்சுருச்சு. கையை எடுத்தா விட்டுரும். கையை எடுக்கத்தான் மனசு வேணும்.

இதுல நான் யோக்கியன் மாதிரி பேசுறேன்னு நினைக்காதே. காப்பிக் காயில பொந்து போடுற வண்டுக்கு நான் எண்டோசல்ஃபான் அடிச்சவன். மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, "மருந்து, மருந்து"ன்னு பெருமையா அடிச்சேன். 2011-ல உச்ச நீதிமன்றம் தடை போட்டப்ப, "ஐயோ வண்டுக்கு என்ன செய்வேன்"னு உக்காந்து அழுதேன். பேத்தி இப்பச் சொல்றா, ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்னு உலக நாடுகள் சேர்ந்து அழியாத நஞ்சுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டிருக்காம். உன் சோபா மருந்தோட பங்காளிங்க ரெண்டு பேரு 2009-ல ஏறுனானுக, ஒருத்தன் 2013, இன்னொருத்தன் 2017. என் எண்டோசல்ஃபான் 2011. ஆக, தாய்மாமனும் மருமகனும் ஒரே ரேஷன் கார்டுல இருக்கோம். நம்ம நாட்டுலயும் 2018 மார்ச்சுல இவனுங்கள்ல சிலரைச் செய்யவும் விக்கவும் கூடாதுன்னு விதி போட்டாச்சு. டிவி, கம்ப்யூட்டர் மாதிரி சாமான்ல இந்தப் புரோமின் வகையறா ஆயிரத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னும் விதி இருக்கு. விதி டெல்லியில இருக்கு. சோபா உன் வீட்டுல இருக்கு. நடுவுல இருக்கிறது அந்தக் கடைக்காரன் வாய்.

நம்ம மலைக்கு இதெல்லாம் புதுசா? கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஆலை இருந்துச்சே, மறந்துட்டியா? அமெரிக்காவுல வாட்டர்டவுன்ல மூடுன மிஷினைத் தூக்கிக்கொண்டாந்து 1980-கள்ல இங்க வச்சாக. முதல்ல பாண்ட்ஸ், அப்புறம் இந்துஸ்தான் லீவர். காய்ச்சல் பார்க்கிற குழாய்தான, அதுல என்ன கெடுதல்னு எல்லாரும் இருந்தோம். 2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் காயலான் கடையில பாதரசம் ஒட்டுன கண்ணாடிச் சில்லு டன் கணக்குல கிடந்ததைச் சனங்க பிடிச்சாக. ஆலையை மூடுனாக. 2003-ல பாதரசக் கழிவு 290 டன்னைத் திரும்ப அமெரிக்காவுக்கே கப்பல் ஏத்துனாக. வேலை பார்த்த 591 பேருக்குக் கம்பெனியோட உடன்பாடு வர 2016 ஆகிப்போச்சு. பாம்பார்ச் சோலை மண்ணைப் பத்தின பேச்சும் வருசக்கணக்கா இழுத்துச்சு. அந்த மலையில பொறந்துட்டு, "மருந்து கலந்திருக்கு"ன்னு ஒருத்தன் சொன்னா ஒரு வார்த்தை எதுத்துக் கேக்க வேணாமா?

ரொம்பப் பயந்துட்டியா? பயப்படாதே. பயமுறுத்துறவனும் கணக்குல கோட்டை விடுவான். உன் அடுப்படியில கறுப்புக் கரண்டி தொங்குதே, பிளாஸ்டிக்கு. பழைய டிவியோட பின் ஓட்டை உருக்கி, அதுல இருந்த தீத்தடுப்பு மருந்தோட சேர்த்தே இப்படிக் கரண்டியும் பொம்மையும் செஞ்சுடுறாங்கன்னு 2024-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. மருந்து இருந்தது நிசம். ஆனா ஒரு ஆளு தாங்குற அளவைக் கணக்குப் போடுறப்ப 7,000-த்தை 60-ஆல பெருக்கி 42,000-ன்னு எழுதிட்டாக. நம்ம ஊர் நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் 4,20,000-ன்னு. ஒரு பூஜ்யம் தொலைஞ்சு போச்சு. அந்த ஒரு பூஜ்யத்துல ஊரே கரண்டியைத் தூக்கிக் குப்பையில போட்டுச்சு. பிறகு திருத்தம் போட்டாக. அதனால கரண்டி உன்னைக் கொன்னுராது. ஆனாலும் கொதிக்கிற எண்ணெயில எதுக்குய்யா டிவியைப் போட்டுக் கிண்டணும்? உங்க அத்தை கிட்ட அகப்பை நாலு சும்மா கிடக்கு, எடுத்துக்க.

டிவியும் சார்ஜரும் வேணாம்னு சொல்ல வரல. கரண்டு ஓடுற சாமானுக்குள்ள ஏதோ ஒரு காப்பு வேணும். அதை உடைக்காதே, நோண்டாதே. பழசாப் போச்சுன்னா காப்பிக் களத்துல போட்டுக் கொளுத்திக் குளிர் காயாதே. அந்தப் புகை அந்த மருந்தை விடக் கேடு. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற பயலுகளையும் சேர்த்துத் திட்டு. என் பேரைச் சொல்லியே திட்டு.

மத்தபடி செலவில்லாத வேலைதான். வறண்ட விளக்குமாத்தால தூசியைக் கிளப்பாம ஈரத்துணி போட்டுத் துடை. சோறு திங்கிறதுக்கு முன்னாடி பிள்ளைக் கையைக் கழுவு, உன் கையையும்தான். சோபா கிழிஞ்சா அன்னைக்கே தைச்சுரு, ஸ்பாஞ்சைப் பல்லைக் காட்ட விடாதே. அடுத்த தரம் வாங்குறப்ப, "மருந்து இல்லாத ஸ்பாஞ்சா?"ன்னு கேளு. அவன் முழிச்சா, தேங்காய் நார் மெத்தை வாங்கு. தீயைப் பத்திக் கவலைன்னா, ஸ்பாஞ்சைக் கேக்காதே, தீயைக் கேளு. ஒயரிங் பழசா? கேஸ் டியூப் எந்த வருசத்துது? கரண்டு ஒழுகினாத் தானா நிக்கிற சுவிட்சு இருக்கா? புகை வந்தாக் கத்துற பொட்டி ஒண்ணு வாங்கிக் கூரையில மாட்டு. அது விலை உன் சோபாவோட ஒரு கால் விலைகூட வராது. மாசி பங்குனியில காடு காஞ்சு கிடக்குறப்ப, ரூமுக்கு வர்ற பயலுகளுக்குக் "கேம்ப் ஃபயர்"னு விறகடுக்கித் தராதே. தீப்பிடிக்காத சோபாவை உள்ள போட்டுட்டு, தீப்பிடிக்கிற காட்டுக்குப் பக்கத்துல குச்சி கிழிக்கிறவனைப் பார்த்தா முருகன் மறுபடியும் தாண்டிக் குதிச்சு ஓடிருவாரு.

சரி, நேரமாச்சு, கடைசி பஸ்ஸை விட்டா உங்க அத்தை என்னைக் கொளுத்துவா. இந்தா, பையைப் பிரி.

என்னத்தச் சிரிக்கிற? கொட்டாங்கச்சிதான். நாலு இருக்கு. நானே கவாத்துக் கத்தியால ஓரம் செதுக்கி, தேச்சு, வழுவழுன்னு ஆக்கியிருக்கேன். உள்ள ஓடை மணல், ஈரம் பார்த்துக் காய வச்சது. ரெண்டை இந்தத் திண்ணையில வை, ரெண்டைப் படிக்கட்டுல வை. சிகரெட்டு பத்த வைக்கிற எந்தப் பயலும் இதைத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு சொல்லு. மணல்ல குத்துனா முடிஞ்சது சோலி. அந்த அமெரிக்காக்காரன் ஒவ்வொரு வீட்டுலயும் இதை ஒண்ணு வச்சிருந்தா 30,000 மாடும் பனிக்கரடியும் தப்பிச்சிருக்கும்... மாடு வேற கணக்குதான், விடு, கிழவனுக்கும் ஒரு பூஜ்யம் கூடக் குறைய வரும்.

முதல் கொட்டாங்கச்சியை நான் தொடங்கி வைக்கிறேன். இந்தா, காதுல சொருகியிருந்த பீடி. உங்க அத்தைக்குத் தெரியாம நாப்பது வருசமா இந்தத் திண்ணை திண்ணையாப் போய்க் குடிச்சவன். இன்னைக்கு உன் வீட்டு மணல்ல குத்திட்டேன். பத்த வைக்கலேன்னு பார்க்காதே. எரியிறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டேன்னு வச்சுக்க.